முனியன் கட்டியிருந்த வாட்ச்

“இது ஓடுதுப்பா.”

“வாட்ச்சுன்னா ஓடத்தானே மாமா செய்யும்?”

“எங்க வாட்ச்சு ஓடாது.”

“அதான் மாமா, ரிப்பேர் பண்ணி வச்சிருக்கறேன். ஒரு வாட்டி கீ குடுத்தா மறுநா அந்நேரம் வரிக்கும் நிக்காது.”

“பண்ணச் சொல்லி உன்ன யாரு கேட்டது?”

முனியன் அந்தக் கைக்கடிகாரத்தைக் காதிலிருந்து எடுத்தார். செத்த பூச்சியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து, நடுவில் விரித்திருந்த துண்டின்மேல் வைத்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். மணிவேலுக்குக் காது சூடானது.

அவன் தன் தங்கை தேவயானியின் கல்யாணத்தைத் தீர்த்து அழைத்துப்போக வந்திருந்தான். தீர்ப்பதில் சண்டை ஒன்றும் இல்லை. அவளைக் கட்டிய முனியனின் மகன் ராஜவேலு குடகுக்குக் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போன இடத்தில் வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். எனக்கு தேவயானி வேண்டாம், தீர்த்துவிடுங்கள் என்று அவனே போனில் சொல்லிவிட்டான். தேவயானி பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் கழிந்துவிட்டன. பரிசமாக வாங்கியதெல்லாம் திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது கைமுறை ஒன்றுதான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அண்ணன் கையில் ஒரு பொருளைக் கட்டிவிட வேண்டும். வெள்ளிக்காப்போ, மோதிரமோ, அவரவர் வசதிப்படி. உறவு முறியும்போது அண்ணன் அதை அவிழ்த்துக் கொடுப்பான். கொடுத்தவர் அதை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்ட பிறகுதான் நாட்டாமை துரும்பு கிள்ளிப் போடுவார். துரும்பு தரையில் விழுந்தால் தீர்ந்தது. பணம் எந்த நோட்டாகத் திரும்பினாலும் பணம்தான். கைமுறை அப்படி இல்லை. எது கட்டப்பட்டதோ அதுவேதான் அவிழ வேண்டும்.

முனியன் வெள்ளிக்காப்புதான் வாங்கி வைத்திருந்தார். மணிவேல்தான் பந்தலிலேயே, “காப்பு எனக்கு எதுக்கு மாமா, நீங்க கட்டிகினு இருக்கற வாட்ச்ச குடுங்க, போதும்” என்று கேட்டு வாங்கினான். முனியன் சந்தனமரக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய, சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி. அது. நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டானே என்று கழற்றிக் கொடுத்தார்.

“இன்னா முனியா,” என்றார் நாட்டாமை கண்ணாயிரம். “நல்லாதானே கீது? குடுத்தத விட நல்லதாத்தானே திருப்பித் தர்றான்.”

“உன் மாட்ட நான் வாங்கிம்போயி, வேற மாட்டக் கொண்ணாந்து கட்டி, இது ஜாஸ்தி பால் கறக்கும்னா வுட்டுடுவியா நீ?”

“நான் வுட்டுடுவேம்பா,” என்றான் பின்னாலிருந்த ஒருவன். மறுபடி சிரிப்பு.

“என்னுது மூஞ்சி மஞ்சளா இருக்கும். பஜ்ஜி மடிச்ச காயிதம் மாதிரி. கண்ணாடில ஒரு கீறல் ஓடும். மத்தியானம் வெயில் ஏறினா நின்னுடும். கைய இப்பிடி ரெண்டு ஒதறு ஒதறினா மறுபடியும் போவும்.” முனியன் வெறும் மணிக்கட்டை உதறிக் காட்டினார். “இத ஒதறவே வேணாம். அது பாட்டுக்குப் போவுது. யாரு வூட்டுதோ.”

“உங்களுதுதாங்க மாமா. கண்ணாடிய மட்டும் மாத்தினேன்.”

“மூஞ்சி?”

“மூஞ்சிய கழுவக் குடுத்தேன்.”

“முள்ளு?”

“முள்ளு துருப்புடிச்சிருந்துச்சிங்க...”

“பின்னாடி மூடி?”

மணிவேல் தலையைச் சொறிந்தான்.

“அப்ப இதுல இன்னாதான்டா என்னுது?”

மணிவேல் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

“மெஷின்ல பாதி,” என்றான்.

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். முனியன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள, வாட்ச் மண்ணில் விழுந்தது.

“வர்ற சந்தைக்கு மறுநா உக்காரலாம்,” என்றார் நாட்டாமை. “மணிவேலு, பழசு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே கொண்டா. அது வந்தா துரும்பு.”

*

ஜீப்பை மணிவேல் ஓட்டினான். பக்கத்தில் தேவயானி. பின்னால் அவன் மனைவி சாந்தம்மாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஜமுனாமரத்தூருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஆளேற்றி ஓட்டும் ஷேர் ஜீப் அது. மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து போனதில் தகரமெல்லாம் தனியாகக் குலுங்கிச் சத்தம் போட்டது. மாசி மாதத்தில் மேகம் எதற்கு என்று தெரியவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

“வாசல்ல புளி காயுது,” என்றாள் சாந்தம்மாள். “வெரசா போயா.”

“போய்கினுதானே கீறேன்.”

“எல்லாருக்கும் ரிப்பேர் பண்ணத் தெரியாம கெடும். உனக்குத் தெரிஞ்சி கெடுது. நல்லா ஓடற வாட்ச்ச ஓடாம பண்றதுக்கு எத்தினி நாளாவும்?”

“அண்ணி, வுடு,” என்றாள் தேவயானி.

“இன்னாத்த வுடறது? வுட்டுட்டு வுட்டுட்டுத்தான் இங்க வந்து நிக்குது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

தேவயானி வெளியே பார்த்தாள்.

“யோவ், உன் தங்கச்சி முழுவாம கீறா.”

மணிவேல் வண்டியை நிறுத்தினான். ஓரத்து உண்ணிப்பூப் புதரில் மூக்கை நுழைத்துக்கொண்டு ஜீப் நின்றது. ஜமுனாமரத்தூர் சாமை மில்லில் தேவயானி கல் பிரிக்கும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறாள். மில்லின் கணக்கைப் பார்க்கிற இளவரசன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருப்பது மணிவேலுக்குத் தெரியும். அவனே ஒருமுறை வீட்டுக்கு வந்து கேட்டான். துரும்பு விழட்டும், மறுநாளே கோயிலில் தாலி என்று பேசியிருந்தார்கள். விழும் வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது.

“துரும்பு வுழறதுக்கு முன்னாடி வயித்துல வந்தது எந்த வூட்டுப் புள்ள, நீயே சொல்லு,” என்றாள் சாந்தம்மாள்.

அவன் சொல்ல வேண்டியதில்லை. அது முனியன் வீட்டுப் பிள்ளை. யாருக்கு உண்டானது என்று ஊர் கேட்காது. உறவு யாரோடு இருக்கிறதோ அவர்களுக்கே பிள்ளை. போன வருஷம் அடுத்த மேட்டு ஊரில் இப்படித்தான் பால் மறக்கும் வரை பொறுத்திருந்து, மாமனார் வீட்டார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் ஒற்றையடிப் பாதை முடியும் வரை பின்னாலேயே ஓடினாளாம்.

“கோர்ட்டுக்குப் போலாம்ணா,” என்றாள் தேவயானி.

“கோர்ட்டு திருவண்ணாமலைல கீது,” என்றாள் சாந்தம்மாள். “நாம இங்க கீறோம்.”

முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. புளி, புளி என்று சாந்தம்மாள் கத்தினாள். மணிவேல் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

*

புளி நனைந்துவிட்டது. முழுவதும் இல்லை, ஓரத்துப் பாய்கள் இரண்டும். நனைந்த புளி கறுத்துப்போகும், செங்கத்து மண்டியில் அதைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து சாந்தம்மாளும் தேவயானியும் பக்கத்து வீட்டுக் குப்பம்மாளும் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் இழுத்து, கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்தார்கள். தட்டுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்டது. சாமைச் சோற்றின் வாசனை, அடுப்பில் கொள்ளு வேகிற வாசனை எல்லாவற்றையும் மீறிப் புளியின் வாடை வீட்டுக்குள் நின்றது.

மணிவேல் உள்ளே முட்டை அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு வாட்ச். நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் சாவி கொடுப்பவை. பேட்டரி போட்டதை அவன் தொடமாட்டான். அது வாட்ச் இல்லை, டார்ச் லைட் என்பான். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்க, புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சின்ன மருந்துப் பொட்டலங்களை ஊரெல்லாம் கேட்டு வாங்கி அட்டைகளுக்கு இடையில் போட்டு வைப்பான்.

ஜீப் ஓட்டுவதால் வந்த பழக்கம் இது. இறங்குகிறவர்கள் காசு நீட்டும்போது அவன் காசைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்ப்பான். நரைத்த மயிருக்கு நடுவே மங்கலாக ஒரு வட்டம் தெரிந்துவிட்டால் போதும். அன்றைக்கு அந்த ஊரில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். ஒரு பலாப்பழம், ஒரு மாதம் இலவசச் சவாரி, ஒரு புது பேட்டரி வாட்ச் என்று ஏதாவது கொடுத்து வாங்கிவிடுவான். வந்த அன்றே பின்மூடியைத் திறப்பான். எதில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து ஒன்றுசேர்ப்பான். மூன்று கெட்டதிலிருந்து ஒரு நல்லது. இதில்தான் அவனுக்கு ருசி. எந்த உறுப்பு எதிலிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பான்.

இப்போது அதையே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

முனியனின் முட்கள் ஒரு ஜனதா மாடல் வாட்ச்சில் இருந்தன. அது தெரிந்தது. எடுத்துவிட்டான். பின்மூடி பைலட் மாடல் ஒன்றில் இருக்கலாம். பைலட் மூன்று இருந்தன. மூன்றையும் திறந்தான். மூன்று மூடியும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. எது வியர்வையில் தேய்ந்தது, எது சந்தன மரத்தில் தேய்ந்தது? கீ எங்கே போனது என்று நினைவே இல்லை. பல்சக்கரம் ஒன்றை எடுத்ததும் நினைவிருந்தது, வைத்தது நினைவில்லை.

“கெடச்சிதா?” என்று வாசலிலிருந்து சாந்தம்மாள் கேட்டாள்.

“தேடறேன்.”

“எங்கதான் போச்சி அந்த வாட்ச்சி?”

“எங்கயும் போவல. இங்கதான் கீது.” அவன் அட்டைகளைப் பார்த்தான். “எல்லா வாட்ச்சுலயும் கொஞ்சம் கொஞ்சம் கீது.”

“நாப்பது வாட்ச்சு வச்சிகினு கீற. ஒரு நாளாவது நேரத்துக்குச் சோறு துன்ன வந்தியா நீ?”

குப்பம்மாள் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் தட்டுகிற சத்தம் ஒரு கட்டை குறைந்தது. “ஏன் புள்ள தேவி,” என்ற அவள் குரல் கேட்டது, “தட்டறதவிட வாயில போட்டுக்கறதுதான் ஜாஸ்தியா கீதே உனக்கு? காலைலேர்ந்து பாக்கறேன்.”

“பசிக்குதுக்கா.”

“பசிக்குப் புளியா?”

“அவளுக்குச் சின்னதுலேர்ந்தே அந்தப் பழக்கம்,” என்றாள் சாந்தம்மாள். “நீ தட்டு.”

உள்ளே மணிவேலின் கையிலிருந்து திருகாணி ஒன்று தெறித்தது. கடுகில் பாதி இருக்கும். மண்தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துத் தேடினான். வாசலில் குப்பம்மாள் வேறு பேச்சுக்குப் போகும் வரை எழுந்திருக்கவில்லை.

*

போளூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சேட்டு கடை. ஒருகாலத்தில் முழுக்க வாட்ச். இப்போது முன்னால் செல்போன் உறைகள் தொங்கின. வாட்ச் வேலை மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒடுங்கிவிட்டது. மணிவேல் போனபோது சேட்டு ஒரு பெண்ணின் போனில் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். காற்றுக் குமிழி வந்துவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினார். மறுபடி வந்தது.

“நீ கழுவிக் குடுத்த டயல் சேட்டண்ணா,” என்று மணிவேல் பொட்டலத்தை நீட்டினான். “அத பழையபடி பண்ணணும்.”

“பழையபடின்னா?”

“மஞ்சளா.”

சேட்டு நிமிர்ந்து பார்த்தார். “அழுக்கு எடுக்கத்தாம்பா என்கிட்ட மருந்து கீது. அழுக்கு பூசறதுக்கு மருந்து கெடயாது. அன்னிக்கி எவ்ளோ சந்தோசப்பட்ட நீ? பல்லு வெளக்கின மாதிரி கீதுன்னு சொல்லிட்டு போட்டோ எடுத்துகினு போன.”

“அந்த போட்டோதான் என்கிட்ட கீது. அதுக்கு முன்னாடி எடுக்கல.”

“அழுக்க யாரு போட்டோ எடுப்பாங்க.”

“பழைய கண்ணாடி? நீதானே கழட்டின. கீறல் ஓடியிருக்கும். டப்பால போட்டியே.”

“டப்பாவா? ஆயுத பூஜைக்குக் கடைய கழுவும்போது கொட்டியாச்சி.” அந்தப் பெண் போனை வாங்கிப் பார்த்து, இன்னும் ஒரு குமிழி இருக்கிறதே என்றாள். சேட்டு பெருமூச்சு விட்டார். “இன்னா விசயம் மணிவேலு? பழசு வாங்க வர்ற பெங்களூர்க்காரன் எவனாச்சும் ஏமாத்திட்டானா?”

மணிவேல் சொன்னான், வயிற்று விஷயம் தவிர. சேட்டு முதலில் சிரித்தார். கைமுறை, துரும்பு என்றதும் சிரிப்பை நிறுத்தி, உண்மையாகவே யோசித்தார்.

“டீ டிகாசன்ல போடு. ஒரு ராவு வுட்டா மஞ்சளாவும். கண்ணாடி என்னாண்ட ஒண்ணு கீது, தர்றேன், ஆணியால ஒரு கிழி கிழி. அவுரு கெழவரு. கண்ணா தெரியப்போவுது?”

“மத்தியானம் நிக்கணும்ணா. ஒதறினா ஓடணும்.”

“அது முடியாதுப்பா,” என்றார் சேட்டு. “கெட்டுப்போறது அதுவா கெடணும். நாம கெடுத்தா ஒரேடியாத்தான் கெடும்.” பெண்ணைப் பார்த்து, “இந்தக் குமிழி ரெண்டு நாள்ல தானா போயிடும்மா,” என்றார்.

*

டயல் தேநீரில் ஊறி மஞ்சளானது. ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் திட்டுத் திட்டாகவும். பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி இல்லை, தேநீர் கொட்டிய காகிதம் மாதிரி இருந்தது. கீறல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்து மூன்று பேரும் பார்த்தார்கள். முனியன் எட்டுப் படத்தில் இருந்தார். ஒன்றில் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறார், கை அசைந்து புகையாக இருந்தது. ஒன்றில் சட்டைக் கை மூடியிருந்தது. கட்டிவிடுகிற படத்தில் வாட்ச்சுக்கு நேராக வீடியோக்காரனின் விளக்கு அடித்து, மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பூசணிப்பூ பூத்திருந்தது. அந்தப் படத்தில் மணிவேலின் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு நான்தான்,” என்றாள் தேவயானி. “சிரிக்கறது பாரு நீ.”

பிறகு ஓடாமல் செய்கிற வேலை. எண்ணெயைத் துடைத்தெடுத்தான். ஓடியது. ஒரு சக்கரத்தின் அச்சில் தூசி வைத்தான். ஓடியது. இன்னும் கொஞ்சம் வைத்தான், நின்றது. உதறினான். நின்றே இருந்தது. சுத்தம் செய்தான். ஓடியது. ஜீப்புக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டு, பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று திட்டிக்கொண்டு போனார்கள். சட்டையில்லாமல், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, அவன் அந்தச் சின்ன இயந்திரத்தைப் பார்த்து, “நில்லேன்டா, சனியனே” என்று கெஞ்சுவதைத் தேவயானி கதவருகே நின்று பார்த்தாள்.

“ஓடச் சொன்னா நிக்குது, நிக்கச் சொன்னா ஓடுது,” என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க, சாந்தம்மாள் முன்னால் புளி எதுவும் இல்லாமலேயே கட்டையை எடுத்து ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

*

சந்தைக்கு மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. பலா மரத்தடியில் போன தடவையைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின்ல பாதி என்கிற பேச்சு மலையைச் சுற்றி வந்திருந்தது. ஜீப்பிலிருந்து மணிவேல் இறங்கும்போதே யாரோ, “இன்னிக்கி முக்கால்வாசியா?” என்றான்.

முனியன் வாட்ச்சை வாங்கிக் காதில் வைக்கவில்லை. மூக்கில் வைத்தார்.

“டீ நாத்தம் அடிக்குது.”

கூட்டம் வெடித்தது. நாட்டாமைகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். மணிவேல் ஒரு எட்டு முன்னால் போனான்.

“இன்னாதான் பண்ணச் சொல்றீங்க மாமா? நான் அத கேட்டது தப்பு. தொறந்தது தப்பு. கழுவினது தப்பு. எல்லாம் தப்பு. வெள்ளில காப்பு செஞ்சி போடறேன், வாங்கிக்கங்க. புது வாட்ச்சு வாங்கித் தர்றேன். என் கைய வேணும்னா வெட்டிக்கங்க!”

“உன் கைய வச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார் முனியன் சாதாரணமாக. “நான் கட்டினத கேக்கறேன். இருவது வருசம் என் கையில இருந்துச்சி. அது இல்லாத கையி தூக்கினா தானா மேல போவுது, பாரம் இல்ல. நீ கேட்டியேன்னு குடுத்துட்டு வந்து அன்னிக்கி ராவெல்லாம் நான் தூங்கல. உனக்கு அது நாப்பதுல ஒண்ணு.”

அதற்குள் சாந்தம்மாள் ஜீப்பிலிருந்து முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்து வந்தாள். கொண்டுவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மணிவேலுக்கே அவை வண்டியில் இருப்பது தெரியாது. துண்டைத் தள்ளிவிட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். வெயிலில் நாற்பது கண்ணாடிகளும் மின்னின.

“எல்லாம் இங்க கீது மாமா,” என்றாள். “எது உன்னுதுன்னு நீயே எடுத்துக்க. எடுத்துகினு எங்கள வுடு. எனக்கு வூட்டுல தட்டற வேல கெடக்குது.”

“அதுவும் சரிதான்,” என்றார் நாட்டாமை.

முனியன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, வைத்தார். விதைத் தானியம் பார்க்கிறவர் போலப் பார்த்தார். மூன்றாவது அட்டைக்கு வரும்போது, கொஞ்சம் தள்ளி நின்ற தேவயானியை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா கீறியாமா?”

“கீறேன் மாமா.”

“எளச்சிட்டியே. கஞ்சில இன்னும் உப்ப அள்ளி அள்ளித்தான் போடறியா?”

“கம்மி பண்ணிட்டேன் மாமா.”

“ஏன் கம்மி பண்ற? நீ போட்டது நல்லாத்தான் இருந்துச்சி. அவனுக்குத்தான் நாக்கு கெடயாது.” திரும்பிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தவர் அதைத் திரும்ப வைக்கவில்லை.

மஞ்சள் படிந்த முகம். கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். பட்டை அற்றுப்போய்க் கயிறு கோத்திருந்தது. முனியன் சாவியைத் திருகினார். காதில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை போலும். மணிக்கட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை உதறினார். மறுபடி காதில் வைத்தார். அவர் வாய் திறந்துகொண்டது. மேல்வரிசையில் பல் இல்லாதது தெரிந்தது.

“இது,” என்றார். “இதுதான்யா. இது!” பக்கத்தில் இருந்தவன் காதில் வைத்தார். “கேக்குதா? நின்னு நின்னு போவுது பாரு.”

மணிவேல் அதைப் பார்த்தான். அது மேல்பட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவருடையது. போன மாதம் அவரிடமிருந்து வாங்கி வந்தது தேவயானிதான். மில்லுக்குச் சாமை எடுக்கப் போனவள், அண்ணனுக்கு என்று கேட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். இந்தக் கலவரத்தில் அதை மட்டும் அவன் இன்னும் திறக்கவில்லை. முனியனின் கை ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவளும் அதை அடையாளம் கண்டுகொண்டாள் என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது.

“அப்ப முடிஞ்சிது,” என்று நாட்டாமை கூரையிலிருந்து உருவி வைத்திருந்த துரும்பை மடியிலிருந்து எடுத்தார். “மணிவேலு, இங்க வா. அவுரு இதுதான்னு சொல்லிட்டாரு. அவுத்தவன் நீ. நீயும் இதுதான்னு ஒரு வார்த்த சொல்லு. சும்மா சொல்லாத. இத்தினி குழப்பம் நடந்திருக்குது. நாளைக்கி இல்லன்னு பேச்சு வரக் கூடாது. தங்கச்சி தலையில கைய வச்சி சொல்லு.”

கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. முனியன் அந்தக் கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். போன தடவை சிரித்தவர்களில் ஒருவன் எழுந்து வந்து முடிச்சைப் போட்டுவிட்டான். பெரியவர் கையைத் தூக்கி வெயிலில் பார்த்தார். இறக்கினார். மறுபடி தூக்கிப் பார்த்தார்.

மணிவேல் நின்ற இடத்திலேயே நின்றான். கோயிலைத் தாண்டும்போது கும்பிட மறந்துபோகிற ஆள்தான் அவன். ஆனால் தலை அவள் தலை. உள்ளே இன்னும் ஒரு தலை இருந்தது. இல்லை என்று சொன்னால் பெரியவர் முடிச்சை அவிழ்த்துக் கீழே வைப்பார், அடுத்த சந்தை, அதற்கடுத்த சந்தை, அதற்குள் வயிறு ஊருக்குத் தெரிந்துவிடும்.

“சொல்லுப்பா,” என்றார் நாட்டாமை, துரும்பை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி.

தேவயானி நடந்து வந்தாள். புளி தட்டியதில் கறுத்துப்போன விரல்களால் அண்ணனின் வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். அது கனமாக இருந்ததுபோல இரண்டு கையாலும் தூக்கினாள். தன் உச்சியில் வைத்து, நழுவாமல் மேலே தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுதான்னு சொல்லிடுண்ணா,” என்றாள்.